தோற்றவளின் தொகுதி

நான் தேர்தலில் நிற்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் என் மாணவர்கள்தான் முதலில் சிரித்திருப்பார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கூட்டம் பிடிக்காது. கல்யாண மண்டபத்தில்கூட மூலையில் நாற்காலி காலியாக இருக்கிறதா என்று பார்த்து உட்காருகிறவள். என் ஆராய்ச்சி தொழிற்சாலைப் பெண்களைப் பற்றியது. முதல் பிள்ளை பிறந்ததும் ஏன் இத்தனை பேர் வேலையை விடுகிறார்கள், விட்டவர்கள் ஏன் திரும்பி வருவதில்லை என்று வருடக்கணக்கில் கேட்டு, கட்டுரைகளாக எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டுரைகளைப் படித்தவர்கள் என்னைப் போல் கட்டுரை எழுதுகிற வேறு சிலர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்தில் ஒரு சமூக மண்டபத்தில் பெண்களுக்கான கருத்தரங்கு. என்னையும் பேச அழைத்திருந்தார்கள். படங்களும் வரைகோடுகளும் காட்டிப் பேசி முடித்தேன். கேள்வி நேரத்தில் நடுவரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார்.

"ஷிப்டு வேல செய்யறவங்களுக்கு ராத்திரிக்கும் திறந்திருக்கற தாஸ்கா வேணும்னு சொல்றீங்க, டாக்டர். நல்லாப் புரிஞ்சிச்சி. அத யாரு செய்யறது?"

தாஸ்கா என்றால் எங்கள் ஊரில் குழந்தைக் காப்பகம்.

"அரசாங்கம் செய்யணும்மா. ஆராய்ஞ்சி எழுதறதுதான் என் வேலை" என்றேன்.

"அதான் எழுதி முடிச்சாச்சே. அடுத்த வேலைக்கி வாங்கலா!"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஃபெரியில் தீவுக்குத் திரும்பும்போது மட்டும் சிரிப்பு வரவில்லை. எனக்குக் கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம்.

அந்த அம்மா ஒரு கட்சியின் வட்டார மகளிர் தலைவி. துறைமுகத்தில் ஒரு கப்பல் நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை அக்கா என்றார்கள், பிறகு நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். சில மாதங்கள் கழித்து அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். ஜார்ஜ்டவுனில் எங்கள் வீடு ஒன்பதாவது மாடியில். அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. மூச்சு வாங்க உட்கார்ந்தவர், தண்ணீர்கூடக் குடிக்காமல் விஷயத்துக்கு வந்தார். தேர்தல் நெருங்குகிறது, கடலுக்கு அந்தப் பக்கம் பெருநிலத்தில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஆள் வேண்டும், கட்சியில் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

"ஜெயிக்கிற தொகுதியா?" என்று என் கணவர் கேட்டார்.

"ஜெயிக்கிற தொகுதின்னா நம்ம கிட்ட வருமா, தம்பி? அதுக்குத்தான் அங்க அடிச்சிக்கறாங்களே."

அவர் பொய் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பல்கலைக்கழக வேலையை வைத்துக்கொண்டு வேட்பாளராக நிற்க முடியாது. ராஜினாமா செய்ய வேண்டும். அக்கா போன பிறகு நானும் கணவரும் சமையலறையில் நின்றுகொண்டே பேசினோம். அவர் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளர். வீட்டில் சமையல் அவர்தான். கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே சொன்னார்.

"உன் பேப்பர் எல்லாத்தையும் முதல்ல படிச்சவன் நான். ஒவ்வொண்ணுலயும் கடைசிப் பக்கத்துல 'அரசு ஆவன செய்ய வேண்டும்'னு போட்டு முடிச்சிருப்ப. போய் செஞ்சிதான் பாரேன்."

"தோத்துட்டா?"

"தோத்துட்டா வீட்ல இருந்து சமைக்கக் கத்துக்க. எனக்கும் ஒரு ஓய்வு வேணும்ல."

என் அம்மா எங்களோடுதான் இருந்தார். கூடத்தில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "மேடையில ஏறப் போறன்னா நல்ல சேலையா கட்டு. அந்தச் சாம்பல் கலரு வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

ராஜினாமா செய்தேன். அறையைக் காலி செய்த அன்று புத்தகப் பெட்டிகளைத் தூக்கிவர மாணவர்கள் உதவினார்கள். ஒரு பெண், "டாக்டர், நீங்க சத்தமா பேசவே மாட்டீங்களே" என்று உண்மையான கவலையோடு கேட்டாள்.

அவள் கவலைப்பட்டது சரிதான். முதல் செராமா, அதாவது முதல் பிரச்சாரக் கூட்டம், ஓர் அடுக்குமாடி வீட்டுத் தொகுதியின் வாகன நிறுத்துமிடத்தில். நான் 'மகளிர் தொழிலாளர் பங்கேற்பு விகிதம்' என்று தொடங்கியதும் பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து பக்கத்துக் கடைக்குத் தே தாரே, அதாவது நுரை பொங்க ஆற்றிய தேநீர், குடிக்கப் போனார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் எழவில்லை, ஏனென்றால் அவர்கள் எங்கள் கட்சிக்காரர்கள். அக்கா கீழே நின்று கையால் 'சுருக்கு, சுருக்கு' என்று காட்டினார். நான் சுருக்கவில்லை. எனக்கு எங்கே சுருக்குவது என்று தெரியவில்லை.

பதாகையிலும் ஒரு சிக்கல். என் படத்தின்கீழ், பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பாகான் டாலாம் பக்கம் ஒரு காலைக் கடையில் கைகுலுக்கி ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, "மாடிப்படி ஏறுனா இங்க வலிக்குது, டாக்டர்" என்றார். நான் அந்த டாக்டர் இல்லை, பொருளாதாரம் படித்த டாக்டர் என்று விளக்கினேன். அவர் மனைவி பக்கத்தில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நம்ம வூட்டுப் பொருளாதாரத்துக்கு ஏதாச்சும் மாத்திரை இருந்தா எழுதிக் குடுங்க" என்றார்.

கடை முழுக்கச் சிரித்தது. நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பேச்சு வேலை, பிள்ளை, மருமகள் என்று போனது. அவர்களுடைய மருமகள் ஷிப்டு வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள். அன்றைக்கு எழுந்து வரும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. விகிதத்தை விட்டுவிட்டு ஓர் ஆளைப் பற்றிப் பேசலாம். எனக்கு நன்றாகத் தெரிந்த ஆள் யார்? என் அம்மா.

அடுத்த கூட்டத்தில் அம்மாவைப் பற்றிப் பேசினேன். நான் சிறுமியாக இருந்தபோது அம்மா பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். நீலச் சீருடையில், கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் நின்று அம்மா அழுதது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வறுமையால், அழுதுகொண்டே வேலைக்குப் போனவர் என் தாய் என்றேன். கூட்டத்தில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். யாரும் தே தாரே குடிக்கப் போகவில்லை. அக்கா மேடையிலேயே என்னைக் கட்டிப்பிடித்தார். யாரோ என் பேச்சோடு அதையும் காணொளி எடுத்து வாட்ஸ்அப்பில் விட, மறுநாள் அது எல்லாக் குழுவிலும் சுற்றியது.

அம்மாவின் கோயில் குழுவுக்கும் வந்தது. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"யாரக் கேட்டு என் கதைய மேடையில சொன்ன?"

"நல்லதாத்தானேம்மா சொன்னேன். எல்லாரும் அழுதாங்க."

"அவங்க அழுதா நான் அழுதேன்னு ஆயிடுமா? நான் எப்ப அழுதுகிட்டே வேலைக்கிப் போனேன்?"

"நான் பார்த்தேன்மா. பஸ் நிக்கற இடத்துல. எனக்கு ஞாபகம் இருக்கு."

அம்மா எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கணவர் வழியாகத்தான் செய்தி வரும்: "ஊறுகாய் தீர்ந்துபோச்சுன்னு உங்கம்மா சொல்றாங்க." பிறகு ஞாயிறு காலை, நான் கிளம்பும்போது, நல்ல பச்சைச் சேலை கட்டி, கைப்பையோடு வாசலில் நின்றார். "நானும் வர்றேன்" என்றார். எதற்கு என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஃபெரியில் கடலைப் பார்த்தபடியே வந்தார்.

அன்று கூட்டம் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில். நான் பேசுவதற்கு முன்பே அம்மா அக்காவிடம் போய், "அந்த மைக்கக் குடு" என்றார். அக்காவுக்கு யாரிடமும் பணிந்து பழக்கமில்லை. ஆனாலும் கொடுத்துவிட்டார்.

"என் மக உங்ககிட்ட ஏதோ சொல்லிச்சாம். நான் அழுதுகிட்டே வேலைக்குப் போனேன்னு. அது சின்னப் புள்ளை, அதுக்கு என்னா தெரியும்? நான் சந்தோஷமாப் போனேன். காலையில பவுடர் போட்டு, பூ வச்சி, பஸ் ஏறுனா பாட்டும் சிரிப்பும்தான். மலாய்க்காரப் புள்ளைங்க, சீனப் புள்ளைங்க, எல்லாம் என் கூட்டாளிங்க. மைக்ராஸ்கோப்புல பாத்து வேலை செய்வேன். என் கை வேகமான கைன்னு சூப்பர்வைசர் சொல்லுவாரு. இவளப் பக்கத்து வூட்டுச் சீன அம்மா பாத்துக்கிட்டாங்க. அவங்கள அவங்க மகன் கோலாலம்பூருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் புள்ளைய விட இடமில்ல. அதனால வேலைய விட்டேன். கடைசி நாளு, பஸ் நிக்கற இடத்துல, அன்னிக்கித்தான் அழுதேன். அதத்தான் இது பாத்திருக்கு."

மைக்கை அக்காவிடம் கொடுத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் ஞாபகத்தில் இருந்த கண்ணீர் உண்மை, நாள்தான் வேறு. வேலைக்குப் போனதற்காக அழுதார் என்று இத்தனை வருடங்களாக நினைத்திருந்தேன். அவர் அழுதது வேலை போனதற்காக. அந்தப் பெண்களை நான் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறேன். வேலை உங்களுக்குப் பிடித்திருந்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்று நான் தயாரித்து வந்த பேச்சைப் பேசவில்லை. கூட்டத்தில் இருந்தவர்களைக் கேட்டேன்: உங்களில் யாருக்கெல்லாம் திரும்ப வேலைக்குப் போக ஆசை? முதலில் ஒரு கை. பிறகு கைகள் எழுந்துகொண்டே இருந்தன. பின்னால் ஒரு கணவர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்து, "உனக்குமா?" என்றார்.

அப்படியும் தோற்றேன். சில நூறு வாக்குகள்தான் வித்தியாசம் என்று கட்சியில் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஜெயித்தவர் ஏற்கெனவே அந்தத் தொகுதியின் உறுப்பினர், எதிர்க் கூட்டணிக்காரர், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். முடிவு அறிவித்ததும் நேரே என்னிடம் வந்து கை கொடுத்தார். "நல்லா ஓடுனீங்க, டாக்டர்" என்றார், விளையாட்டுப் போட்டியில் இரண்டாவதாக வந்த பிள்ளையிடம் சொல்வதுபோல.

அதற்குப் பிந்தைய வாரங்கள் நன்றாக இல்லை. வேலை இல்லை. புத்தகப் பெட்டிகள் கூடத்தில் அப்படியே கிடந்தன. ஒரு தனியார் கல்லூரியில் பகுதிநேர வகுப்புகள் கிடைத்தன. பொருளாதாரத்தின் அரிச்சுவடியை மீண்டும் நடத்தினேன். கணவர் சொன்னபடி சமைக்கவும் முயன்றேன். அம்மா என் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, "நீ மறுபடி தேர்தல்ல நில்லு" என்றார்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து படியிறங்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"டாக்டர், நான்தான். உங்களத் தோக்கடிச்சவன்."

வணக்கம் சொன்னேன்.

"கிண்டல் பண்ணக் கூப்புடல. நான் ஓட்டு கேட்டு எந்த வீட்டுக்குப் போனாலும் உங்க தாஸ்காவப் பத்திதான் கேட்டாங்க. நானும் கட்டித் தர்றேன்னு வாக்கு குடுத்துட்டேன். இப்ப எப்படிச் செய்யறதுன்னு தெரியல. பள்ளிக்கூடம் நடத்தத் தெரியும், இது வேற மாதிரி இருக்கு. நீங்க வருவீங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அக்காவிடம் சொன்னபோது அவர் பொங்கிவிட்டார்.

"அவரு பேரு வாங்கறதுக்கா நாம வெயில்ல அலைஞ்சோம்? அடுத்த தேர்தல்ல இத வச்சே நம்மள அடிப்பாரு!"

"அக்கா, தாஸ்கா திறந்தா புள்ளைங்க உள்ள போகும். வாசல்ல யார் பேரு போட்டிருக்குன்னு அதுங்களுக்குப் படிக்கத் தெரியாது."

"எனக்குப் படிக்கத் தெரியும்லா!" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. கட்சி என்றால் சேர்ந்து நிற்பது. நான் எதிர் அணிக்காரரோடு உட்காரப் போகிறேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, போனேன்.

வேலை நான் கட்டுரையில் எழுதியதுபோல் இல்லை. கட்டுரையில் 'பொருத்தமான இடம்' என்று இரண்டு சொல்லில் முடிந்துவிடும். நிஜத்தில் அது அடுக்குமாடியின் கீழ் மூடிக்கிடந்த ஒரு கணினி விளையாட்டுக் கடை. உள்ளே சுவரெல்லாம் கறுப்புச் சாயம், மண்டையோட்டுப் படங்கள். உரிமம், தீயணைப்புத் துறை ஒப்புதல் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினோம். எங்கே போனாலும் தலைமையாசிரியர் முதலில் அங்கிருக்கிற பழைய மாணவர் யாரையாவது கண்டுபிடித்துவிடுவார். அந்த வட்டாரத்துத் தொழிற்சாலையின் மேலாளரைப் பார்க்கப் போனபோது மட்டும், "நீங்க பேசுங்க, டாக்டர்" என்று ஒதுங்கிக்கொண்டார். பழகிய தொழிலாளி வேலையை விட்டால், புது ஆளைப் பழக்குவதற்கு ஆகும் நேரமும் செலவும் நிறுவனத்துக்குத்தான் இழப்பு என்பதை மேலாளருக்கு விளக்கினேன். வகுப்பறையில் நூறு முறை சொன்ன விஷயம். முதல் தடவையாக ஒருவர் அதைக் கேட்டு உண்மையிலேயே ஏதோ செய்தார். தொழிற்சாலைப் பேருந்து ஒவ்வொரு ஷிப்டுக்கும் காப்பக வாசலில் நின்று போகும் என்று ஒத்துக்கொண்டார். வெளியே வந்ததும் தலைமையாசிரியர், பரீட்சைத் தாளைத் திருத்தியவர்போல, "பாஸ்" என்றார்.

சாயம் அடிக்கிற நாள் வந்தது. கறுப்பை மறைக்க எத்தனை பூச்சுப் பூசினாலும் மண்டையோடு மங்கலாகத் தெரிந்தது. நடுப்பகலில் ஒரு வேன் வந்து நின்றது. அக்கா இறங்கினார். பின்னால் மகளிர் அணிப் பெண்கள், கையில் துடைப்பமும் தூரிகையும்.

"கட்சிக்காக வரல. சுவரு அசிங்கமா இருக்குன்னு கேள்விப்பட்டேன்" என்றார். என்னைப் பார்க்காமல் தலைமையாசிரியரிடம், "இந்தக் கலரு யாரு எடுத்தது? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. மஞ்சள் வாங்கிட்டு வாங்க" என்று கட்டளை போட்டார். அவர் மறுபேச்சுப் பேசாமல் காரை எடுத்துக்கொண்டு போனார்.

திறப்பு விழாவில் பலகையில் தலைமையாசிரியரின் பெயர்தான் இருந்தது. அக்கா அதைக் கண்டு முகம் சுளித்தார். ஆனால் தலைமையாசிரியர் பேசும்போது, "இந்தத் திட்டம் என்னோடது இல்ல. என்னை எதிர்த்து நின்னவங்களோடது. நான் கடன் வாங்கிக்கிட்டேன்" என்றார். கூட்டம் கை தட்டியது. பாகான் டாலாம் கடையில் பரோட்டா பிய்த்த அந்த அம்மா தன் மருமகளோடு வந்திருந்தார். மருமகள் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தாள். வந்த வேகத்தில் பிள்ளையை ஆயாவிடம் கொடுத்துவிட்டு, விழா முடியும்வரை காத்திராமல் பேருந்தில் ஏறிவிட்டாள். அம்மா என் பக்கத்தில் நின்று அந்தப் பேருந்து திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தேர்தலில் தலைமையாசிரியர் நிற்கவில்லை. பேரப்பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் கூட்டணி வேறொருவரை நிறுத்தியது. நான் மறுபடியும் நின்றேன். இம்முறை மேடையில் அதிகம் பேசவில்லை. காலைக் கடைகளில் உட்கார்ந்தேன். ஜெயித்தேன். பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஜெயித்தேன். தலைமையாசிரியர் எனக்கு வாக்களித்திருக்க மாட்டார் என்று நிச்சயமாக நினைக்கிறேன். ஆனால் முதல் வாழ்த்து அவரிடமிருந்துதான் வந்தது: 'வாழ்த்துகள். முதலில் நான்காவது அடுக்குமாடிப் புளோக்கின் சாக்கடையைப் பாருங்கள். எனக்கு அது கடைசிவரை சரியாகவில்லை.'

எனக்கும் அது இன்னும் முழுமையாகச் சரியாகவில்லை. தொகுதிச் சேவை மையத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சாக்கடை, தெருவிளக்கு, தெருநாய் என்றுதான் வருகிறார்கள். சனிக்கிழமை காலையில் மட்டும் கல்லூரியில் ஒரு வகுப்பு எடுக்கிறேன். அரசியலில் உங்கள் படிப்பு பயன்படுகிறதா என்று மாணவர்கள் கேட்பார்கள். சில நாள் ஆம் என்கிறேன், சில நாள் நான்காவது புளோக்கைப் பற்றிச் சொல்கிறேன்.

சட்டமன்றத்தில் என் முதல் உரையில், பெருநிலத்தின் வடபகுதிக்கும் இப்படிப்பட்ட காப்பகங்கள் வேண்டும் என்று கேட்டேன். எதிர்வரிசையிலிருந்து ஓர் இளம் உறுப்பினர் எழுந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஆட்கள் எங்கே என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, நியாயமாகத்தான் கேட்டார். அப்படிப்பட்ட ஆட்கள் இன்னும் இல்லை என்றே சொன்னேன். இடைவேளையில் அவரைத் தேடிப் போய், வாருங்கள், சேர்ந்து யோசிப்போம் என்றேன். தாசேக் கெலுகோர் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு அப்படித்தான் தொடங்கியது. அதற்கு நிதி ஒதுக்கும் தீர்மானம் வந்தபோது இரண்டு வரிசைகளிலும் கைகள் உயர்ந்தன.

சென்ற வாரம் கெப்பாலா பத்தாஸில் புதிய காப்பகத்தின் கட்டட வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். அக்காவும் வந்திருந்தார், சுவரின் நிறத்தைப் பற்றி ஏற்கெனவே அபிப்பிராயம் வைத்துக்கொண்டு. தரையில் ஓடு பதித்துக்கொண்டிருந்தார்கள். வயிறு தள்ளிய ஓர் இளம்பெண் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது எப்ப திறப்பாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"மூணு மாசத்துல முடிஞ்சிடும்மா. உனக்கு எப்ப?"

"எனக்கு அடுத்த மாசம். பிரசவ லீவு முடியறதுக்குள்ள தொறந்துடுவீங்கல்ல? திரும்ப வர்றேன்னு எங்க சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன்."

"சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்மா" என்றேன். அவள் குடையை விரித்துக்கொண்டு கிளம்பினாள். நான் உள்ளே போய் மேஸ்திரியைக் கூப்பிட்டு, பிள்ளைகளின் கழிவறையில் கைகழுவும் தொட்டியை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி வைக்க முடியுமா என்று கேட்டேன்.